பழைய மகிழுந்துகளும் வருந்தலைமுறையும்

பழையது விலகப் புதியது அவ்விடத்தை நிரப்புதல் உலகியற்கை. மொழிக்கும் அஃது ஒக்கும் என நம் இலக்கண ஆசிரியர்கள் உடன்பட்டுள்ளனர். ஆயினும் விலகியவை யாவும் மதிப்பிழந்து போவதில்லை. ஓலைச்சுவடியின் இடத்தை அச்சுநூல் கைக்கொண்டது; சுவடியோ நூலகக் காப்பறையில் முன்னினும் உயர்ந்த இடத்தைப் பெற்றது. அவ்வாறே நம் பாட்டன்மார் ஓட்டிய மகிழுந்துகளும் வருந்தலைமுறையின் போற்றுதலைப் பெறுமா, அன்றிக் காயலான் கடையோடு அவற்றின் கதை முடிந்துவிடுமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் இவ்வினாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கருதலாம். ஒரு பொருளை மரபுச் செல்வமாக்குவது யாது என்பதே இதன் உள்ளே உறையும் வினா. அது நமக்கு நெடுநாள் பழகிய வினாவேயாகும்.

சாலையை ஆண்ட வண்டிகள்

இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957-இல் அம்பாசடரை உருவாக்கத் தொடங்கியது. 2014 மே திங்களில் அதன் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ 57 ஆண்டுகள் அமைச்சரின் வெள்ளை வண்டியாகவும், மணமக்கள் ஊர்வல வண்டியாகவும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வாடகை வண்டியாகவும் அது உழைத்தது. இத்தாலி நாட்டுப் பியட் 1100-இன் வழித்தோன்றலான பிரீமியர் பத்மினி, மும்பை நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் புகழ்பெற்றது. அந்நகரில் 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இங்கு இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்தது. பிறந்த நாட்டில் இரு கதவுகளோடு விளங்கிய ஹெரால்டு, பெரிய குடும்பமாகப் பயணம் செய்யும் நம்மவர்க்காகப் பின்னாளில் இங்கே நான்கு கதவுகளைப் பெற்றது. இங்கிலாந்திலும் காணவியலாத வடிவம் அது. இத்தகையதொன்று அழியுமாயின், உலகிற்கே அது அழிந்ததாகும்.

நினைவு மட்டும் போதுமா?

'இவ்வண்டிகளை விரும்புவோர் அவற்றில் பயணம் செய்து வளர்ந்தவரே. அவர்தம் காலத்தோடு இவ்விருப்பமும் மறையும். கைப்பேசியில் அழைத்தால் வாசலுக்கே வண்டி வரும் காலத்தில், சொந்த வண்டியையே வேண்டாத இளைஞன் பழைய வண்டியையா போற்றுவான்?' என்று கேட்போர் உளர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. இளமை நினைவே பலருடைய பற்றுக்கு வேர் என்பது மெய்யே.

எனினும் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பரில் நிகழும் இலண்டன் – பிரைட்டன் ஓட்டத்தைக் கருதுக. மோட்டார் வண்டிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்ததைக் கொண்டாட 1896-இல் நடந்த பயணத்தின் நினைவாக, 1927 முதல் அது நடைபெறுகின்றது. 1905-க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே அதிற் கலந்துகொள்கின்றன. அவ்வண்டிகள் புதியனவாய் ஓடிய நாளைக் கண்டவர் இன்று ஒருவரும் இலர். ஆயினும் வண்டிகள் ஓடுகின்றன. மழையிலும் குளிரிலும் மக்கள் சாலையோரம் நின்று காண்கின்றனர். ஆகவே கண்டவர் நினைவோடு மதிப்பு முடிந்துவிடுவதில்லை. சங்க காலத்தைக் கண்டவர் எவரும் இல்லாத இந்நாளில், சங்க நூல்களை நாம் போற்றவில்லையா?

படித்தறியத்தக்க பொறி

அங்ஙனமாயின் இளைஞனை ஈர்ப்பது யாது? பழைய வண்டி படித்தறியத்தக்க பொறி என்பதே என் விடை. அதன் பானட்டைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் தன் தொழிலைக் கண்ணெதிரே காட்டும். கார்புரேட்டர் காற்றையும் பெட்ரோலையும் கலக்கின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் உரிய நொடியில் ஒவ்வொரு பிளக்கிற்கும் மின்பொறியை அனுப்புகின்றது. பெல்ட் சுழன்று விசிறியை இயக்குகின்றது. ஒரு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் உடையவன், காரண காரியத் தொடர்பைக் கைகளாலேயே கற்றுக்கொள்வான். இற்றை நாள் வண்டி பாதுகாப்பிலும் எரிபொருட் சிக்கனத்திலும் பன்மடங்கு மேம்பட்டது, ஐயமில்லை. ஆனால் அதன் அறிவு மின்னணுப் பெட்டிக்குள் மூடிக் கிடக்கின்றது. அதன் நோயைக் காணவும் கணிப்பொறி வேண்டும். எல்லாம் மூடிய பெட்டியாகிவரும் உலகில், திறந்து காட்டும் பொறி ஒன்றைக் காணும் இளைஞன் வியப்பெய்துதல் இயல்பே.

அவ்வியப்பு எழுவதற்கு முதலில் அவன் அதனைக் காண வேண்டும், தொட வேண்டும். கோயம்புத்தூரில் அறிவியலறிஞர் ஜி. டி. நாயுடுவின் மரபில் வந்தோர் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம் இவ்வகையில் நற்றொண்டு புரிகின்றது. தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-இல் தொடங்கிய பழைய வண்டி அணிவகுப்பும் நினைக்கத்தக்கது. இவை போன்றன பெருக வேண்டும்.

அரசர் வண்டியும் எளியோர் வண்டியும்

ஈண்டு ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றேன். மன்னர்கள் ஏறிய ரோல்ஸ்ராய்ஸ் வண்டிகளைப் பற்றி நாம் கவலையுற வேண்டுவதில்லை. அவற்றின் விலையே அவற்றைக் காக்கும். ஒரு செல்வர் கைவிட்டால் மற்றொருவர் வாங்குவார். காக்க ஆளின்றி நிற்பன ஆசிரியரும் மருத்துவரும் சிறு வணிகரும் வைத்திருந்த எளிய வண்டிகளே. பல்லாயிரக் கணக்கில் ஓடியமையாலேயே ஒருவரும் அவற்றை அரியன எனக் கருதவில்லை. ஏட்டில் ஏறிய செய்யுளைக் காத்த நாம், வயலில் ஒலித்த நாட்டுப்பாடலைக் காலந்தாழ்த்தியே தொகுக்கத் தொடங்கினோம். அதற்குள் மறைந்தவை எத்துணையோ! அதே பிழையை ஈண்டும் செய்தல் தகாது.

வண்டியினும் அரிதாகி வருவது அதனைப் பேணும் கைத்திறன். தகட்டைத் தட்டி வளைவைச் செப்பம் செய்யும் டிங்கர், கிடைக்காத உறுப்பைக் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரர், இருக்கைக்கு உறை தைக்கும் குஷன் தொழிலாளி, இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லும் முதிய மெக்கானிக் ஆகிய இவர்களின் அறிவு எந்நூலிலும் இல்லை. காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் காயலான் கடையையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். அது பழைய வண்டியின் இடுகாடு மட்டுமன்று. மற்றொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும் உறுப்பு கிடைக்குமிடமும் அதுவே. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளை அறிந்தோர் இதனை உணர்வர்.

சட்டத்தில் ஓர் இடைவெளி

2021-இல் மைய அரசு பழைய வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாது பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் மரபு வண்டிகளாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்திற்கும் வணிகத்திற்கும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கு ஓட்டலாம். இது வரவேற்கத்தக்கது.

ஆனால் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட பழைய வண்டி அழிப்புக் கொள்கை, 20 ஆண்டு கடந்த தனியார் வண்டிகளின் தகுதியைச் சோதித்துத் தேறாதவற்றை உடைக்கும் நோக்குடையது. இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் ஒரு வண்டி எவ்வாறு உயிர்வாழும்? 1983 டிசம்பரில் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களின் வாழ்வை மாற்றிய மாருதி 800 வண்டிகளுள் மிக மூத்ததும் 2033-இல்தான் ஐம்பதை எட்டும். இன்றைய மாணவரின் தந்தையர் ஓட்டிய வண்டி அதுவே. அவர்தம் நெஞ்சிற்கு நெருங்கிய வண்டி இந்த முப்பதாண்டுப் பள்ளத்திலேயே வீழ்ந்து மறையுமாயின், நாளை அவர்கள் போற்றுவதற்கு எஞ்சுவது யாது? மரபு வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 30 ஆண்டுகளையே எல்லையாகக் கொண்டுள்ளது. நம் நாடும் அவ்வெல்லையை ஏற்பது குறித்து எண்ணிப் பார்த்தல் நன்று.

சூழல் குறித்த ஐயம்

பழைய வண்டி கக்கும் புகை தீதன்றோ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பழைய இயந்திரங்கள் மிகுதியாக மாசுபடுத்துகின்றன. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஆண்டிற் சில நாள் மட்டும் ஓடும், எண்ணிக்கையிற் சிலவாகிய மரபு வண்டிகளால் விளையும் தீங்கு சிறிது. அவற்றால் பெறும் அறிவோ பெரிது. நகரின் காற்றைக் காக்க வேண்டுவது பொதுப் போக்குவரத்துப் பெருக்கமேயன்றி, கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் ஹெரால்டை உடைப்பதன்று.

நாம் செய்யத்தக்கன

பொறியியற் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தத்தமக்கு ஒரு பழைய வண்டியை வாங்கி, மாணவர் கையாலேயே அதனைச் செப்பம் செய்வித்தல் வேண்டும். முதிய மெக்கானிக்குகளை அங்கு அழைத்து, ஆசிரியராக அமர்த்தி, மதிப்பூதியம் வழங்குதல் வேண்டும். தமிழ்த்துறையினர்க்கும் பணியுண்டு. சிற்றூர்களில் மகிழுந்தைப் 'பிளஷர்' என்று வழங்கிய காலம் ஒன்றிருந்தது. பட்டறைகளில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பிறந்த கலைச்சொற்கள் பலவுள. அச்சொற்களையும் தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றையும் நம் மாணவர் தொகுத்தால், ஓர் அகராதிக்குரிய செல்வம் கிடைக்கும். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் அத்தொகுதியில் ஒரு பக்கம் குறைகின்றது. ஆதலின் விரைவும் வேண்டும்.

வருந்தலைமுறை பழைய மகிழுந்துகளை மதிக்குமா என்னும் வினாவுக்கு விடை, அத்தலைமுறையினரிடம் மட்டும் இல்லை. கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, இளைஞர்க்கு ஆர்வமில்லை என்று குறைகூறுதல் நேர்மையாகாது. வண்டியை ஓடும் நிலையிலும், அதனை ஓடச் செய்யும் அறிவை வாழும் நிலையிலும் நாம் ஒப்படைத்தால், அவர்கள் உறுதியாக மதிப்பார்கள். திறவுகோலை அவர்கள் கையில் கொடுப்பது நம் கடன்.