கணனிப் பக்கம்: கார்ட் வாங்குமுன் கவனியுங்கள்

"அப்பா, கேம் விளையாடக் கணனி வாங்கித் தாங்கோ" என்ற குரல் லண்டனில் எம்மவர் வீடுகளில் ஓயாது கேட்கிறது. புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லையா? அலுவலகங்கள் பாவித்துக் கழித்த கணனியை மலிவாக வாங்கி, கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பூட்டினாலே பல விளையாட்டுகள் ஓடும்.

ஆனால் கார்ட் வாங்குமுன் கணனியின் பவர் சப்ளையைப் பாருங்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம் ஆகக்கூடியது 75 வாட் மின்சாரமே கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். அலுவலகக் கணனிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே தனி வயர் கேட்காத கார்டே உகந்தது. என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 இல் அத்தகைய வகைகள் உண்டு. பெட்டி ஒடுக்கமானதென்றால் அதற்குள் அடங்கும் சிறிய கார்டாகப் பாருங்கள்.

பூட்டுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கி நிற்கும்.

கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் சொல்லாமல் விற்ற பழுது இருந்தால், பாவித்த பொருளாயினும், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை இல்லை.

பூட்டும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். நீங்கள் அருகில் இருந்து டோர்ச் பிடியுங்கள்.