தேதியும் எண்ணிக்கையும்

மார்கழிக் காலையில் தில்லி லோதித் தோட்டத்தில் உலவுவோர், வெண்முகமுடைய வாலாட்டிக் குருவிகள் புல்வெளியில் பூச்சி பொறுக்குவதைக் காணலாம். இமயத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டும் இவை, குளிர்காலத்தை இங்கே கழித்து, வேனில் முற்றுமுன் திரும்பிவிடுகின்றன. காண்போர் பலர், குறித்து வைப்போர் மிகச் சிலரே.

களப்பணியாளர் குறிப்புகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அவற்றுள் 'பறவைகள் பல காணப்பட்டன' என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அதனைத் தமிழாக்குவது எளிது. அதனால் விஞ்ஞானத்துக்குப் பயன் யாதுமில்லை. பெயர், எண்ணிக்கை, இடம், தேதி ஆகிய நான்கும் இருந்தாலன்றிக் குறிப்பு சான்றாகாது. பெயர் தெரியாவிடின், நிறத்தையும் நடையையும் ஊரார் வழங்கும் பெயரையும் எழுதுதல் போதும்.

பரத்பூருக்குக் குளிர்காலந்தோறும் வந்த சைபீரியப் பெருங்கொக்குகள் 2002-ஆம் ஆண்டுக்குப்பின் வரவில்லை. எண்ணியோர் இருந்தமையால், அவை படிப்படியாகக் குறைந்ததை நாம் அறிவோம். எவரும் எண்ணாத சிறு குருவிகள் குறைந்தால், அதனை அறிவார் யார்?

ஆகவே, ஆசிரியர்கள் வாரம் ஒரு காலை, ஒரே பாதையில், மாணவரை அழைத்துச் செல்லல் வேண்டும். கண்டதை எழுதுவதுடன், முன்பு கண்டு இன்று காணாததையும் 'காணவில்லை' என்றே எழுதச் செய்தல் வேண்டும் என்பது என் கருத்து. இதற்குத் தொலைநோக்காடியும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும்.