வைத்தியர் நிலைத்திருக்க வழி செய்யக் கோரும் விஞ்ஞாபனம்

மாண்புமிகு தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்கள், அத்துறையின் அரசுச் செயலாளர் அவர்கள், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்கள், திருவள்ளூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் ஆகியோர் சமுகத்திற்கு, பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் வசிக்கும் குடியிருப்போர் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்:

எங்கள் வட்டாரத்தில் வைத்தியர் பஞ்சம் என்று ஒருவர் சொல்லக் கேட்டால், கேட்பவர் நகைப்பதற்கு நியாயமுண்டு. போரூரில் ஒன்று, வேலப்பன்சாவடியில் ஒன்று, தண்டலத்தில் ஒன்று என்று தனியார் மருத்துவக் கல்லூரிகள் எங்களைச் சூழ்ந்து நிற்கின்றன. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூரிலோ 2022 ஜனவரி 12-ஆம் தேதி, மாநிலத்தின் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. வெள்ளைக் கோட்டை மடித்து முழங்கையில் போட்டுக்கொண்டு எங்கள் சாலைகளில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவ மாணவியரை நாங்கள் தினந்தோறும் காண்கிறோம். அவர்களைப் படிக்கவைப்பதில் இந்த ராஜ்யம் காட்டிய தாராளம் இந்தியாவில் வேறெங்கும் காணற்கரியது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. படித்து முடித்தவர் பொதுமக்களின் சேவையில் ஏன் நிலைப்பதில்லை, முதலில் சிறு ஊரையும், பிறகு அரசு உத்தியோகத்தையும், கடைசியில் மாநிலத்தையுமே விட்டு ஏன் போகிறார் என்பதுதான் நாங்கள் கேட்க வந்த கேள்வி.

எங்கள் ஊரின் இருப்பைச் சற்று விவரிக்க அனுமதி வேண்டுகிறோம். ஏரியும் வயலுமாக இருந்த பாரிவாக்கம், ஆவடிச் சாலையும் புறவழிச்சாலையும் பெருகிய நாள்முதல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் திருமழிசைக்கும் வேலைக்குப் போவோரின் வாசஸ்தலமாகிவிட்டது. வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஓர் அறைக்கு ஐவராகக் குடியிருக்கும் வரிசை வீடுகளும் இங்கே உண்டு. கிராமப்புறமாயின் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புறமாயின் 50,000 பேருக்கு ஒன்று என்பது விதி. நகரமாகவே வாழ்ந்துகொண்டு காகிதத்தில் கிராமமாக வளர்ந்த ஊருக்கு இவ்விரண்டு கணக்கில் எதுவும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அன்றியும், கணக்கெடுக்கப்படும் தலைகள் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் கண்ட தலைகளே. அதன்பின் எழுந்த அடுக்குமாடிகள் எந்தப் பதிவேட்டிலும் நோயுறுவதில்லை.

எங்கள் மக்கள் நாடும் ஓர் அரசு நிலையத்தின் காலை நேரத்தை அதிகாரிகள் ஒருமுறை முன்னறிவிப்பின்றி வந்து பார்க்குமாறு பிரார்த்திக்கிறோம். அதன் பெயரைச் சொல்லிப் பிறர்மேல் பழி சுமத்துவது எங்கள் நோக்கமன்று. எட்டு மணிக்கு முன்பே ஓ.பி. சீட்டுக்கு வரிசை நிற்கும். சர்க்கரை மாத்திரைக்கு வந்த முதியோர் ஒருபுறம், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணுக்கும் ஸ்கேன் தேதிக்கும் வந்த கர்ப்பிணிகள் ஒருபுறம், ரேபிஸ் ஊசியின் மூன்றாம் தவணைக்கு வந்த பையன் ஒருபுறம். நர்ஸம்மா இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சீட்டின் மூலையில் எண்ணைக் குறித்து அனுப்ப, உள்ளேயிருக்கும் ஒரே டாக்டரம்மா ஒருவருக்கு இரண்டு நிமிஷமும் ஒதுக்க முடியாமல் எழுதிக்கொண்டே தலைநிமிர்வார்; நடுவில் முகாம் ஒன்று, காணொளிக் கூட்டம் ஒன்று, மாதாந்தர அறிக்கை ஒன்று. அவர் மத்தியான உணவு உண்ணும் வேளையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். இரவானால் காவல், மூன்று செவிலியர் முறைமாற்றிப் பணியாற்றும் ஏற்பாட்டின்படி அந்நேரம் இருக்கும் ஒரு செவிலியரே. அவர் பிரசவம் பார்க்கும் திறமையை நாங்கள் கைகூப்பி வணங்குகிறோம். ஆனால் நெஞ்சுவலி கண்டவனுக்கு அவர் செய்யக்கூடியது 108-ஐ அழைப்பதே. 108 வண்டி வரத் தவறுவதில்லை. அது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை நோக்கிப் போகும் சாலையின் நெரிசலுக்குத்தான் நாங்கள் அஞ்சுகிறோம்.

இத்தகைய நிலையத்தில் பணியாற்றிய இளைஞர்கள் விலகிச் செல்வதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஒருவர் மேற்படிப்புக்குப் போனார். ஒருவர் பெருநிறுவன மருத்துவமனையில் சேர்ந்தார். மற்றொருவரின் மேஜைமேல், மாத்திரைப் பட்டியலுக்கு அடியில், இங்கிலாந்து செல்லும் வைத்தியருக்கான பிளாப் தேர்வுப் புத்தகம் இருந்ததை எங்கள் சங்கத்தார் சிலரே பார்த்தனர். இது புதிய வியாதியன்று. 1960-களில் இங்கிலாந்து தன் தேசிய சுகாதார சேவைக்கு ஆள் போதாமல் இந்திய வைத்தியர்களை விரும்பி அழைத்தது. 1975-இல் நம் பட்டங்களுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டு தேர்வு ஒன்றைச் சுமத்தியபின்பும் பிரயாணம் நின்றபாடில்லை. 2011-இல் மத்திய அரசு, அமெரிக்காவில் நிலையாகத் தங்குவதற்குத் தேவைப்பட்ட சான்றிதழை வைத்தியர்களுக்கு வழங்குவதை நிறுத்திற்று. அதனாலும் ஓட்டம் அடங்கவில்லை. வாயில் ஒன்றை அடைத்தால், வீட்டில் இருக்கப் பிடிக்காதவன் வேறு வாயிலைத் தேடுகிறான். ஆகையால் தடுத்து நிறுத்தும் உபாயங்களில் எங்களுக்கு அதிக நம்பிக்கையில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மேற்படிப்பு முடித்தோர் பத்திரம் எழுதிக்கொடுத்து ஆற்றவேண்டிய கட்டாய சேவையை அரசே 2023-இல் இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. அவ்வாண்டு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் எங்கள் கிழவர்களின் நாட்பட்ட நோய்க்குத் தொடர்ச்சியான சிகிச்சையை எப்படி எதிர்பார்ப்பது?

காரணங்களுள் முதன்மையானது உத்தியோகம் கிடைக்கும் காலதாமதம் என்று நாங்கள் கருதுகிறோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை செய்தது. தேர்வு நடந்தது 2025 ஜனவரியில். நியமன ஆணைகள் வழங்கப்பட்டது பிப்ரவரி இறுதியில். ஏறக்குறைய ஓராண்டு. ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்து வெளிவரும் இருபத்துநான்கு வயதுப் பிள்ளை, கல்விக்கடனும் வீட்டார் எதிர்பார்ப்பும் தோளில் இருக்க, இந்த ஓராண்டு எங்கே இருப்பான்? தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி டூட்டி டாக்டராகவோ, தொகுப்பூதியத்தில் அரசின் தற்காலிக ஊழியனாகவோ, நீட் முதுநிலைப் பயிற்சி வகுப்பிலோ இருப்பான்; ஆணை கைக்கு வருமுன் அவன் மனம் வேறிடம் போய்விடும். ஆதலால், பயிற்சி முடிவடையும் மாதத்தை ஒட்டி வருஷந்தோறும் தவறாமல் தேர்வு நடத்தி, அறிவிக்கை நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் நியமனம் முடிவுற வேண்டும் என்றும், தொகுப்பூதியத்தில் வேலை செய்வோரை அந்நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திராமல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கோருகிறோம். நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமற்ற ஆளை வைப்பது சிக்கனமென்று நிதித்துறை கருதலாம். எங்கள் அபிப்பிராயத்தில் அதைப்போன்ற ஊதாரித்தனம் வேறில்லை.

அடுத்தது சம்பளம். 2009-ஆம் ஆண்டின் 354-ஆம் எண் அரசாணையை முறையாக அமல்படுத்தி, இருபதாண்டு சேவைக்குப் பின் கிட்டும் ஊதிய நிலையைப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே வழங்க வேண்டுமென்று அரசு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர். 2019 அக்டோபர் 25 முதல் ஒரு வாரம் வேலைநிறுத்தமும் செய்தனர். அந்த நாட்களில் அறுவை சிகிச்சைக்குத் தேதி பெற்றுவந்து திரும்பிப்போன குடும்பங்கள் எங்களிடையிலும் உண்டு. ஆகவே வேலைநிறுத்தத்தை நாங்கள் புகழ மாட்டோம். எனினும், மத்திய அரசின் மருத்துவருக்குப் பதின்மூன்று ஆண்டுகளில் கிடைப்பதை அதே பட்டம் பெற்று அதே வேலையைச் செய்யும் நம் மாநில மருத்துவருக்கு இருபதாண்டுகளில் கொடுப்பதற்கு நியாயம் யாது என்று கேட்கும் உரிமை, வரிசெலுத்தும் நோயாளிகளாகிய எங்களுக்கும் உண்டு. இக்கோரிக்கையைத் தீர்ப்பது வைத்தியர்களுக்குச் செய்யும் சலுகையன்று. எங்களுக்குச் செய்யும் சகாயம்.

மேற்படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு இத்தனை ஆண்டுகளாக வைத்தியர் வந்ததற்குப் பெருங்காரணம், அரசுப் பணியில் இருப்போருக்கு முதுநிலைப் படிப்பில் ஐம்பது சதவிகித இடம் ஒதுக்கிய ஏற்பாடே. மூன்று வருஷம் கிராமத்தில் உழைத்தால் மயக்கவியலோ மகப்பேறோ படிக்க இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆணையும் பெண்ணையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்திவைத்தது. 2017-இல் இந்த ஏற்பாடு தகர்ந்தபோது அந்த நம்பிக்கையும் தகர்ந்தது. 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்த பின்னரே அது மீண்டும் உயிர்பெற்றது. இந்த உரிமையை எந்தப் புதிய விதியின் பெயராலும் விட்டுக்கொடுக்கலாகாது. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுவதால், அவ்விடங்களில் படிக்கும் வெளி மாநிலத்தார் படித்து முடித்ததும் தத்தம் ஊருக்குத் திரும்புவது இயற்கை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அந்த இழப்பையும் கணக்கில் கொண்டு திட்டமிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். மலைப்பிரதேசத்திலும் குக்கிராமத்திலும் சேவை செய்தோருக்கு அளிக்கப்படும் முன்னுரிமை மதிப்பெண்களில் ஒரு பங்கை, எங்களைப்போல் நகரத்தின் விளிம்பில் கூட்டம் மிகுந்து வசதி குன்றிய நிலையங்களில் உழைப்போருக்கும் நீட்டிக்கலாமா என்பதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டும்.

வைத்தியர் வேலைசெய்யும் இடத்தில் பயமின்றி இருத்தல் வேண்டும். 2008-இல் மருத்துவப் பணியாளர்களுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் இம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2024 நவம்பர் 13-ஆம் தேதி, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், பணிநேரத்தில், நோயாளி ஒருவரின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். பல்லடுக்கு மருத்துவமனையிலேயே இந்தக் கதியென்றால், சுற்றுச்சுவரும் விளக்கும் சரியாக அமையாத சிறிய நிலையத்தில் இரவுப் பணியாற்றும் பெண் மருத்துவரின் நிலையை ஊகித்தறிவது கடினமன்று. ஒவ்வொரு நிலையத்திலும் இரவுக் காவலர், எரியும் விளக்கு, தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை, தண்ணீர் வரும் கழிப்பறை, வளாகத்துக்குள் அல்லது நடைதூரத்தில் குடும்பத்தோடு வாழத்தக்க குடியிருப்பு ஆகியவை வேண்டும். வீட்டு வாடகைப்படி கொடுத்துவிட்டோம் என்று கைகழுவுவது போதாது. எங்கள் ஊரில் அந்தப் படித்தொகையால் கிடைக்கும் வீடு எத்தகையது என்பதை வந்து பார்த்தவர் அறிவர்.

ஊர்க் கோரிக்கைக்கு வருகிறோம். 2023 ஜூன் 6-ஆம் தேதி 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒருசேரத் திறக்கப்பட்டன. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரையும், மாலை நான்கு முதல் எட்டு வரையும் அவை இயங்குவது, கூலிவேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் மக்களுக்கு வரப்பிரசாதம். அத்தகைய மையம் ஒன்றைப் பாரிவாக்கம் சந்திப்பை ஒட்டி அமைக்கவும், தக்க புறம்போக்கு நிலத்தை வட்டாட்சியர் மூலம் அளந்து ஒதுக்கவும், கட்டடம் எழும்வரை வாடகைக் கட்டடத்தில் தொடங்கவும் ஆணையிட வேண்டுகிறோம். எங்களுக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இரண்டு மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். இது பேராசையன்று: நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் அங்கம் வகித்த, சுகாதார ஆய்வுக்கென அமைந்த போர் (Bhore) கமிட்டி, 1946-இல், பஞ்சகாலத்து இந்தியாவை வைத்துக்கொண்டே, உடனடித் திட்டமாக 40,000 பேருக்கு ஒரு நிலையமும் இரண்டு மருத்துவரும் வேண்டுமென்று சிபாரிசு செய்தது.

எங்கள் பங்குக்கு நாங்களும் சில பொறுப்புகளை ஏற்கிறோம். புதிதாக வரும் வைத்தியருக்கு நியாயமான வாடகையில் வீடு பார்த்துக்கொடுப்பதும், நிலையத்தில் வரிசையை ஒழுங்குசெய்யக் காலை வேளையில் தொண்டர் இருவரை அனுப்புவதும், குடித்துவிட்டு வந்து கூச்சலிடுவோரைக் காவல்துறைக்கு அறிவிப்பதற்கு முன் நாங்களே வந்து அப்புறப்படுத்துவதும் எங்கள் பொறுப்பு. தங்களுக்கு வசதியான ஒரு நாளில் சங்கத்தின் பிரதிநிதிகளை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டுமென்றும், மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கையின்மீதும் எடுக்கப்படும் நடவடிக்கையை இம்மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
குடியிருப்போர் சங்கத்தார்,
பாரிவாக்கம், பூந்தமல்லி வழி, திருவள்ளூர் மாவட்டம்.

இணைப்பு: குடியிருப்போர் கையொப்பத் தாள்கள்; பாரிவாக்கம் சந்திப்பைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் கைவரை படம்.