எந்தப் புத்தகத்தை வாங்குவது?



விஞ்ஞானத்தில் பௌதிகவியற் பகுதிக்கு எந்தப் புத்தகம் நல்லது என்று என்னிடமும் கேட்கிறீர்கள். நான் கலைப் பட்டதாரி. ஆயினும் பட்டறிவு கொண்டு இதற்குப் பதில் கூற முடியும்.

சாதாரண தரத்தில் நியூற்றனின் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பேன். நான் படித்தது வினாவும் விடையும் மட்டுமே கொண்ட குறிப்புப் புத்தகம். ஒருநாள் ஆசிரியர் கேட்டார்: "மேல்நோக்கி எறிந்த பந்து அதியுயர் புள்ளியில் கணநேரம் ஓய்வடைகிறது. அப்போது அதன் மீது தாக்கும் விசை யாது?" "விசை இல்லை" என்றேன். வேகம் பூச்சியமானாலும் புவியீர்ப்பு பந்தைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. விதி வாயில் இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. இப்பாடம் எனக்கு வராது என்று விலகிவிட்டேன். பிழை பாடத்தில் அல்ல, படித்த முறையில் என்பதைப் பிந்தியே உணர்ந்தேன்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹேக் என்பவர் விசை, இயக்கம் பற்றிக் கற்ற 6000 இற்கும் மேற்பட்ட மாணவரின் பெறுபேறுகளை ஒப்பிட்டு 1998 இல் வெளியிட்டார். விரிவுரையைக் கேட்டு மட்டும் கற்ற வகுப்புகளைவிட, தாமே சிந்தித்தும் செய்தும் கலந்துரையாடியும் கற்ற வகுப்புகள் சராசரியாக ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறியிருந்தன.

எனவே புத்தகத்தை வாங்கமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

1. விளக்கம் தருமுன் உங்களைச் சிந்திக்கச் செய்யும் வினா உண்டா?

2. வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யத்தக்க செயற்பாடுகள் உண்டா? வெற்றுப் போத்தலில் வெவ்வேறு உயரங்களில் துளையிட்டு நீர் நிரப்பினால், எத்துளையால் நீர் கூடிய வேகத்துடன் பாயும்? முதலில் ஊகித்து எழுதி, பின்னர் செய்து பார்ப்பவர் ஆழத்துடன் திரவ அமுக்கம் கூடும் என்பதை இலகுவில் மறக்கமாட்டார்.

3. பல்தேர்வு வினாவிற்குச் சரியான விடையின் இலக்கத்தை மட்டும் தருகிறதா, ஏனைய மூன்றும் ஏன் பிழை என்றும் விளக்குகிறதா?

அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூலை முதலில் எடுங்கள். அதிலுள்ள செயற்பாடுகளைப் பலர் வாசிக்காமலே தாண்டிவிடுகின்றனர். கடந்தகால வினாத்தாள்கள் அவசியமே. ஆனால் அவை விளங்கியதைச் சோதிப்பதற்கு உரியவை, விளக்கத்துக்குப் பதிலானவை அல்ல.

உங்கள் கையிலுள்ள இந்நூலையும் இவ்வாறே சோதியுங்கள். தேறாவிட்டால் புத்தகத்தை ஒதுக்குங்கள். என்னைப்போல் பாடத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.