செப்பிடு வித்தைக்காரனுக்குச் சரித்திரம் வேண்டாமா?

நம் நாட்டில் சாமியாரின் பாதக்குறட்டுக்கும் மண்டபம் கட்டிப் பூஜை செய்கிறார்கள். செப்பிடு வித்தைக்காரன் செத்தாலோ, அவன் வித்தையும் அவனோடு சுடுகாட்டுக்குப் போகிறது. இருவரில் யோக்கியன் யார்? கஞ்சி விட்டு உருட்டிக் காயவைத்த விபூதி உருண்டையை விரலிடுக்கில் ஒளித்துப் பொடிப்பதுதான் இருவர் வேலையும். ஒருவன் “கைவித்தை, காசு போடுங்கள்” என்கிறான். மற்றவன் “தெய்வசக்தி, காலில் விழுங்கள்” என்கிறான். முன்னவனைத்தான் 1959-ம் வருஷத்திய பம்பாய்ச் சட்டம், வித்தை காட்டிக் காசு கேட்பதும் பிச்சையே என்று பிச்சைக்காரரோடு சேர்த்தது! பின்னவனுக்கோ பூரண கும்பம்.

மேல்நாட்டாரும் ஒரு காலத்தில் மூடர்கள்தான். சூனியக்காரிகள் என்று ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிட்டு வந்த இங்கிலாந்தில், 1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் அது வீண் பழியென்று புத்தகம் எழுதி, காசை மறைப்பதும் வெட்டுண்ட தலையைத் தட்டில் காட்டுவதும் எப்படியென்று அதிலேயே விளக்கினார். ஆவியோடு பேசுவதாக ஏய்த்தவர்களை அமெரிக்காவில் அம்பலப்படுத்திய ஹூடினி 1926-ல் இறந்தார். அவர் எழுதிவைத்தபடி சுமார் 4000 புத்தகங்கள் 1927-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூல்நிலையத்திற்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு புதுப் புரட்டன் கிளம்பினால், அவன் பாட்டன் புரட்டை ஏட்டில் எடுத்துக் காட்டலாம்.

இங்கே? எஞ்சியுள்ள கிழ வித்தைக்காரர்களைத் தேடிப்போய் பெயர், ஊர், குரு, வித்தையின் சூட்சுமம் யாவற்றையும் எழுதிப் படமும் பிடித்து வைக்கச் சர்க்காருக்கும் சர்வகலாசாலைகளுக்கும் என்ன தடை? ஒரு கும்பாபிஷேகப் பந்தல் செலவுகூட ஆகாதே!