சமக்குறி ஒரு கட்டளை அன்று

8 + 4 = □ + 5 என்று கரும்பலகையில் எழுதி, கட்டத்தை நிரப்பும்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டால், தயக்கமின்றிப் பன்னிரண்டு என்று எழுதுகிறவர்கள் பலர் இருப்பதைக் கல்வி ஆராய்ச்சியாளர்கள் பன்முறை கண்டிருக்கிறார்கள். இது கூட்டல் தெரியாமையால் விளைந்த பிழை அன்று. எட்டும் நான்கும் பன்னிரண்டு என்பது அக்குழந்தைக்கு நன்றாகவே தெரியும். சமக்குறியைக் கண்ட மாத்திரத்தில், 'கணக்கைச் செய்து விடையை எழுது' என்ற உத்தரவாக அதைக் கொள்ளும்படி நாம் பழக்கிவிட்டோம் என்பதே விஷயம். விடை ஏழு என்று திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிற ஆசிரியர், நோயின் குறியைத் துடைக்கிறாரேயன்றி அதன் மூலத்தைத் தொடுவதில்லை.

அந்தச் சின்னத்தைப் படைத்தவர் மனத்தில் உத்தரவு எதுவும் இருந்ததில்லை. வேல்ஸ் நாட்டின் டென்பி என்னும் கடற்கரையூரில் பிறந்து, தொழிலால் வைத்தியராக விளங்கிய ராபர்ட் ரெக்கார்டு, லத்தீன் அறியாத சாமானியரும் படித்துப் பயன்பெறும்படி, குருவும் சீடனும் உரையாடும் பாணியில் ஆங்கிலத்திலேயே கணித நூல்களை இயற்றியவர். 1557-இல் வெளிவந்த நூலொன்றில், 'இதற்குச் சமம்' என்ற சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்கவேண்டி, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை அவர் இட்டார். அவற்றைக் காட்டிலும் ஒன்றுக்கொன்று சமமான பொருள்கள் இரண்டு இருக்க முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். அவர் நூலில் அக்கோடுகள் இன்றுள்ளவற்றைப் போலக் குறுகியவையாக இல்லாமல், நீண்டு படுத்திருக்கும். மறு ஆண்டே அவர் சிறையில் உயிர்நீத்தார். தாம் இட்ட கோடுகள் உலகை ஆளும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க நியாயமில்லை.

ஏனெனில் அவை உடனே ஆளவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அச்சில் தலைகாட்டாமலே கிடந்தன. பிரெஞ்சுக் கணித மேதை வியேத் அதே இரட்டைக் கோடுகளை இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் குறிக்கப் பிரயோகித்தார். டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட தம் வடிவியல் நூலில் சமத்துக்கு வேறொரு சின்னத்தையே வைத்துக்கொண்டார். நியூட்டனும் லைப்னிட்ஸும் ரெக்கார்டின் கோடுகளைக் கைக்கொண்ட பிறகே போட்டி ஓய்ந்தது.

மற்றச் சின்னங்களின் கதையும் ஏறக்குறைய இவ்விதமானதே. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் லைப்சிக் நகரில் விட்மன் அச்சிட்ட வியாபாரக் கணக்கு நூலில் மிகுதியையும் குறைவையும் காட்ட வந்தவை. பெஷாவருக்கு அருகே 1881-இல் கிடைத்த பக்ஷாலி ஏட்டிலோ, நாம் கூட்டலுக்கு இடும் அதே சிலுவை வடிவம் எண்ணுக்குப் பின்னே நின்று, அது குறை எண் என்று அறிவிக்கிறது! ஆட்ரெட் 1631-இல் வழங்கிய பெருக்கல் குறி, எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்பிவிடுகிறது என்று லைப்னிட்ஸ் குறைபட்டுக்கொண்டு புள்ளியை விரும்பினார். அவருடைய அபிப்பிராயத்தில் நியாயம் இருந்ததை இயற்கணிதம் படித்த ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வர்.

இவை யாவும் மனிதர் தம் சௌகரியத்துக்காக யோசித்துச் செய்துகொண்ட உடன்படிக்கைகள். வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. இந்த உண்மையை மறைத்து, சின்னங்களை மந்திரங்களைப் போல மனனம் செய்விப்பதே நம் பாடமுறையின் குறை என்பது என் அபிப்பிராயம். கால்குலேட்டரில் சமக்குறிப் பொத்தானை அழுத்தினால் விடை தோன்றுவது வேறு இக்குறையை உறுதிப்படுத்திவிடுகிறது. 5 + 3 = 8 + 2 = 10 என்று சங்கிலியாக எழுதிச் செல்லும் மாணவன், ஐந்தும் மூன்றும் பத்துக்குச் சமம் என்று தன்னையறியாமல் சாதித்துவிடுகிறான்; பின்னாளில் சமன்பாடு அவனுக்கு விளங்காமற் போவதில் வியப்பென்ன?

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சரித்திரம் எதற்கு என்று கேட்பாரும் உண்டு. ஆண்டுகளையும் பெயர்களையும் பரீட்சைக்குரிய பொருளாக்கினால் அது மற்றொரு சுமைதான். அதை நான் கேட்கவில்லை. இரு பக்கமும் ஒரே மதிப்புடையவை என்று காட்டவே ஒருவர் இரு கோடுகளைச் சமமாக வரைந்தார் என்ற கதையை முதன்முதல் அக்குறி வரும் பாடத்திலேயே ஐந்தாறு வரிகளில் சொல்லலாம். 3 + 4 = 7 என்பதோடு 7 = 3 + 4 என்றும், 3 + 4 = 5 + 2 என்றும், 7 = 7 என்றும் முதல் வகுப்புப் புத்தகத்திலேயே அச்சிடுவதற்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகப்போவதில்லை.