நோக்கியா ட்யூன் தந்தவரின் இன்னொரு இசை... விரல்களுக்குப் பொறுமை கற்றுத்தரும் 'அல்ஹம்ப்ரா'!

நோக்கியா போன் காலம் நினைவிருக்கிறதா? பஸ்ஸில் ஒரு போன் ஒலித்தால் போதும், பத்துப் பேர் தங்கள் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே ரிங்டோன். அந்த ட்யூன் எந்த கம்ப்யூட்டரிலும் பிறந்ததல்ல. ஸ்பெயின் நாட்டு கிட்டார் மேதை ஃபிரான்சிஸ்கோ தாரெகா 1902-ல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற கிட்டார் இசையிலிருந்து சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்தது.

அதே தாரெகா எழுதிய இன்னொரு இசை, கிட்டார் கற்பவர்களின் கனவுப் பட்டியலில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. பெயர், 'ரெகுவெர்தோஸ் தே லா அல்ஹம்ப்ரா'. 'அல்ஹம்ப்ராவின் நினைவுகள்' என்று பொருள். கொரியன் சீரியல் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. 2018-ல் வந்த 'மெமரீஸ் ஆஃப் தி அல்ஹம்ப்ரா' தொடருக்குத் தலைப்பு தந்தது இந்த இசைதான். 1984-ல் வெளியான 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படத்திலும் இதன் இன்னொரு வடிவம் ஒலிக்கும்.

கேட்க நான்கைந்து நிமிடம்தான். வாசிக்கக் கற்றுக்கொள்ளவோ பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்படி என்ன இருக்கிறது இதில்?

வாசிப்பது ஒருவரா, இருவரா?

முதன்முறை கேட்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. கீழே ஒரு கிட்டார் நிதானமாக நடந்து போகும். மேலே இன்னொன்று, நீர் கொட்டுவதுபோல இடைவிடாமல் பாடிக்கொண்டிருக்கும். உண்மையில் இருப்பது ஒரே கிட்டார், ஒரே ஆள்.

கிட்டாருக்கு ஒரு குறை உண்டு. வயலினில் வில்லை இழுக்க இழுக்க ஒலி நீளும். புல்லாங்குழலில் மூச்சு இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். கிட்டார் கம்பியை மீட்டினால், பிறந்த நொடியிலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க வழியில்லை. அதற்குக் கலைஞர்கள் கண்டுபிடித்த தந்திரம்தான் 'ட்ரெமோலோ'. ஒலி தேய்வதற்குள் அதே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டினால், காது அதை நீளமான ஒரே ஒலியாக எடுத்துக்கொள்ளும்.

இந்த இசையில் கட்டைவிரல் ஒருமுறை கீழ்க்கம்பிகளில் மீட்டும். உடனே மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் வரிசையாக மேலே ஒரே ஸ்வரத்தைத் தொடும். மறுபடி கட்டைவிரல். முதலிலிருந்து கிட்டத்தட்ட கடைசிவரை இதே வரிசைதான்.

கணக்குப் போட்டால் தலை சுற்றும். நம் சங்கீதத்தில் ஆவர்த்தனம் என்போமே, அதுபோல மூன்று எண்ணிக்கை கொண்டது இதன் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றுக்குள் 24 மீட்டல்கள். கட்டைவிரலுக்கு 6, மற்ற மூன்று விரல்களுக்கும் சேர்த்து 18. மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை என்று வைத்து வாசித்தால், நொடிக்கு ஒன்பதிலிருந்து பத்து மீட்டல்கள் வரும்.

கால்வாயில் விழுந்த சிறுவன்

தாரெகா பிறந்தது 1852-ல், ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் உள்ள வில்லாரியல் என்ற ஊரில். அப்பா காவலாளி, கிட்டாரும் வாசிப்பார். அவர் வேலைக்குப் போன நேரத்தில் மகன் அந்த கிட்டாரை எடுத்துத் தட்டிப் பார்ப்பான்.

சின்ன வயதில் ஒருமுறை பாசனக் கால்வாயில் விழுந்ததில் சிறுவனின் கண்கள் பாதிக்கப்பட்டன. 'நாளைக்குப் பார்வை மொத்தமாகப் போய்விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வான்?' என்பது அப்பாவின் கவலை. குடும்பத்தையே பக்கத்து நகரமான காஸ்தெய்யோனுக்கு மாற்றி, மகனை இசை வகுப்பில் சேர்த்தார். அவனுடைய முதல் ஆசிரியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள்!

பையன் சும்மா இருக்கவில்லை. மேற்கொண்டு படிக்க பார்சிலோனாவுக்கு அனுப்பினால், பத்து வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் காபிக் கடைகளில் வாசிக்கப் போய்விட்டான். அப்பா தேடிப்பிடித்து அழைத்துவந்தார். பின்னாளில் மாட்ரிட் இசைக் கல்லூரியில் படித்து, பியானோ இசையையெல்லாம் கிட்டாருக்கு மாற்றி எழுதி, நவீன கிளாசிக்கல் கிட்டாரின் முன்னோடி என்று பெயர் வாங்கினார் தாரெகா.

1890-களின் இறுதியில் அவர் எழுதியதுதான் இந்த 'அல்ஹம்ப்ரா'. கிரனாடா நகரில் குன்றின் மேல் நிற்கும் அந்த அரண்மனையைக் கட்டியவர்கள் நஸ்ரித் வம்ச சுல்தான்கள். 12 கல் சிங்கங்கள் தாங்கி நிற்கும் நீரூற்று, குளங்கள், தோட்டத்து வாய்க்கால்கள் என்று அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். இந்த இசையைக் கேட்பவர்கள் பலருக்கும் நீரூற்று நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

பிரச்னை வேகத்தில் இல்லை!

வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரை மணி நேரம் கிட்டாரை எடுப்பவர்கள் நிறைய பேர். யூடியூபில் பார்த்த வேகம் மனசில் இருக்கும். முதல் வாரமே அந்த வேகத்துக்குத் தாவுவார்கள். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம்.

மூன்று விரல்களும் ஒரே பலம் கொண்டவை அல்ல. மோதிர விரல் பிறவிச் சோம்பேறி. நடுவிரல் அசைந்தால் கூடவே அசையும். தனியாகச் செய்யச் சொன்னால் தடுமாறும். ஆள்காட்டி விரலோ முந்திரிக்கொட்டை. விளைவு, மூன்று விரல்களும் கும்பலாக ஓடிவந்து விழ, கட்டைவிரலிடம் ஒரு பள்ளம் விழும். குதிரை ஓடுவதுபோல 'டக்... டகடக, டக்... டகடக' என்று கேட்கும். நீரோடை போய்விடும், குளம்படிதான் மிஞ்சும்.

வேகத்தைக் கூட்டினால் இது சரியாகாது. நான்கு மீட்டல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவாக இருந்தால், கொஞ்சம் மெதுவாக வாசித்தாலும் காது ஏமாறும். இடைவெளி பிசகினால் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஏமாறாது.

ஆசிரியர்கள் சொல்லும் வழி

* முதலில் ட்ரெமோலோவையே மறந்துவிடுங்கள். கட்டைவிரல் பகுதியையும் இடது கைப் பிடிகளையும் மட்டும் தனிப் பாட்டாக வாசித்துப் பழகுங்கள். இந்த இசையின் எலும்புக்கூடு அதுதான். பலர் மேல் ஸ்வரத்திலேயே கண்ணாக இருந்து, இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

* அடுத்து, இடது கைக்கு ஓய்வு. திறந்த கம்பியில் வலது கை மட்டும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மீட்டல். இந்தக் கணக்கில் ஒரு சுற்று முடிய 24 நொடி ஆகும். சலிப்பாகத்தான் இருக்கும். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிப் பாடிப் பழகிய பிறகுதானே இரண்டாம் காலம்? அதே கதைதான்.

* அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். ஒருநாள் மோதிர விரலுக்கு, மறுநாள் நடுவிரலுக்கு. சோம்பேறி விரல் எது என்று தானாகத் தெரிந்துவிடும்.

* போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது சரியாகத் தோன்றியது, கேட்கும்போது குட்டு உடையும்.

* நகத்தைக் கவனியுங்கள். வலது கை நகங்கள் ஏற்ற இறக்கமாக இருந்தால் மூன்று விரலும் மூன்று குரலில் பேசும். பாத்திரம் தேய்ப்பதும், டப்பா மூடியை நகத்தால் நெம்புவதும் கிட்டார்காரர்களின் பரம எதிரிகள். இதில் ஒரு வேடிக்கை, தாரெகாவே 1902-ல் தன் நகங்களை வெட்டிவிட்டு, வெறும் விரல் நுனியால் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

வலித்தால் நிறுத்துங்கள்

விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கை இறுகுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால், அன்றைய பயிற்சி முடிந்தது என்று அர்த்தம். 'இன்னும் பத்து தடவை' என்று தொடர்வது ஆபத்து. ஜெர்மன் இசை மேதை ராபர்ட் ஷூமான், பியானோ மேடைக் கனவோடு இருந்த இளம்வயதில் வலது கை விரல் செயல் குன்றி, அந்தக் கனவையே கைவிட வேண்டி வந்தது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் போதும். நடுநடுவே கையை உதறித் தளர்த்திக்கொள்ள வேண்டும். இறுகிய கையில் ட்ரெமோலோ வரவே வராது.

அந்த வலது கைக்கு என்ன ஆனது?

வலது கையின் அத்தனை நுணுக்கத்தையும் கேட்கும் இசையை எழுதியவருக்கு, 1906 ஜனவரியில் உடலின் வலது பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது 53. ஒரு கிட்டார் கலைஞருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்?

தாரெகா கிட்டாரை ஓரமாக வைத்துவிடவில்லை. மறுபடி பழகினார். மறுபடி மேடையும் ஏறினார். ஆனால், பழைய கை அவருக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. 1909 டிசம்பர் 15 அன்று பார்சிலோனாவில் காலமானார்.

மூன்றாவது வாரத்தில் 'நமக்கு இது வராது' என்று கிட்டாரை உறையில் போட்டு மூடுபவர்கள், அந்தக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். எழுதியவருக்கே தன் கையை மறுபடி பழக்க வேண்டியிருந்தது.

இன்று இரவு மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். கட்டைவிரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். இடைவெளி நான்கும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நாளைக்கு 62 பார்த்துக்கொள்ளலாம்!